சிறுவயதுக் காயமும் உணவுச் சிக்கலும்: எதற்கு முதலில் சிகிச்சை?

கேள்வி

எனக்கு 34 வயது. பகல் முழுவதும் அளந்து சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் உறங்கியபின் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே வயிறு வலிக்கும்வரை விழுங்குகிறேன். பிறகு வாந்தியெடுத்து வெளியேற்றுகிறேன். சிறுவயதில் எங்கள் வீட்டில் வசவும் அடியும் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் விழும் என்பதால், மெல்லும் சத்தம் கேட்காமல் சாப்பிடப் பழகியவள் நான். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? உண்டென்றால் எதற்கு முதலில் சிகிச்சை பெறுவது?

மறுமொழி 1

மனநல ஆலோசகராகச் சொல்கிறேன்: தொடர்பு உண்டு. அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி 1980களில் நடத்திய உடற்பருமன் சிகிச்சைத் திட்டத்தில், எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் விலகினார்கள். விசாரித்தபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிறுவயதுத் துன்பங்கள் பிற்கால உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்து 1998இல் வெளியான, 9,508 பேர் பங்கேற்ற ஆய்வுக்கு வித்திட்டது அந்த அனுபவமே. அடி மட்டுமல்ல, ஓயாத வசவும் புறக்கணிப்பும்கூடக் காயம்தான். அழவோ கோபப்படவோ இடமில்லாத வீட்டில், பொங்கி வருவதை அடக்கக் குழந்தைக்குக் கைக்கெட்டுவது பல நேரம் உணவுதான். விழுங்கும் அந்தச் சில நிமிடங்களில் மனம் மரத்துப்போகிறது. இதை மன உறுதிக் குறைவு என்று நீங்கள் எண்ண வேண்டாம்.

மறுமொழி 2

ஒரு திருத்தம். அடியோ வசவோ அறியாமல் வளர்ந்த என் தங்கைக்கும் புலிமியா (உங்களைப் போல் அளவின்றி விழுங்கிவிட்டு வெளியேற்றும் உணவுக் கோளாறு) வந்தது. மரபணுவுக்கும் பங்குண்டு, பட்டினிக்கும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் நடந்த ஆய்வில் நலமான 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் சிலரால் உண்பதை நிறுத்தவே முடியவில்லை. பகலில் நீங்கள் அளந்து சாப்பிடுவதே இரவை வரவழைக்கிறது என்பது என் கணிப்பு.

மறுமொழி 3

நான் மீண்டு வந்தவள். முதலில் இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பாருங்கள். அடிக்கடி வாந்தியெடுப்பதால் அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். என் முதல் ஆலோசகர் எடுத்த எடுப்பிலேயே பழைய நினைவுகளைக் கிளறியதால் என் இரவுகள் மேலும் மோசமாயின. அடுத்தவர் வேளை தவறாமல் உண்ணப் பழக்கி, உணர்ச்சியைத் தாங்கும் வழிகளைக் கற்றுத்தந்த பிறகே நினைவுகளைத் தொட்டார். உண்பது சீரானதும் நினைவுகள் கூடுதலாக வரலாம் என்பதால், இரண்டையும் அறிந்தவரிடம் செல்வது நல்லது.

கேட்டவர்

நன்றி, சகோதரி. இரத்தப் பரிசோதனைக்கு நாளை செல்கிறேன். இன்று விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். மெல்லும் சத்தம் எனக்கே விநோதமாகக் கேட்டது.