டீசல் டியூபைப் பிடுங்கிய பிறகும் ஆயில் இன்ஜின் நிற்காமல் ஓடுது, என்ன காரணம்?

கடைமடைக்காரன்:
எங்க ஊர் வேதாரண்யம் பக்கம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்ட நாளாகும், அதுவரை நாற்றங்காலுக்குக் குளத்திலிருந்து 5 எச்.பி. ஆயில் இன்ஜின் வைத்துத்தான் இறைக்கிறோம். ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது, 1500 ஆர்.பி.எம்., கைப்பிடி போட்டுச் சுற்றும் வகை. நேற்று இறைத்து முடித்து ஸ்டாப் லீவரை இழுத்தால் நிற்கவில்லை, சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. டேங்க் வால்வை மூடினேன், டீசல் டியூபையே பிடுங்கிவிட்டேன், அப்பவும் ஓடுது. வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பி பக்கத்து வயலே தெரியவில்லை. கடைசியில் சித்தப்பா ஓடிவந்து ஈரச் சாக்கை மடித்து ஏர் கிளீனர் வாயில் வைத்து அமுக்கினார், முக்கி முனகி நின்றது. டீசலே போகாத இன்ஜின் எதைக் குடித்து ஓடியது? திரும்ப ஸ்டார்ட் பண்ணலாமா?

பழைய பிட்டர்:
ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. இன்ஜின் தன்னோட ஆயிலையே குடித்திருக்கிறது. ஏர் கிளீனர் ஆயில் ஊற்றும் வகையா, பேப்பர் பில்டரா? ஆயில் வகை என்றால் குறிக்கு மேலே ஊற்றினாலே காற்றோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பேப்பர் என்றால் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவி, சம்பில், அதாவது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்க.

ஒரத்தநாட்டு ரசிகன்:
சிலிண்டர் அமுக்கத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டால் நின்றிருக்குமே, சாக்கு எதற்கு?

பழைய பிட்டர்:
அதுவும் வழிதான், அமுக்கம் போனால் நெருப்பு இல்லை. ஆனால் வேகம் கட்டுக்கு மீறிப் போன இன்ஜினில் பிளைவீல் பக்கம் கையை நீட்டி லீவரைத் தேடுவது எனக்குப் பிடிக்காது. அந்த வேகத்தில் பிளைவீல் வெடித்துத் தெறிக்கலாம், அது சுற்றும் நேர்க்கோட்டில் நிற்கவே கூடாது. பக்கவாட்டிலிருந்து காற்று வாயை அடைக்கிறதுதான் சரி. பலகைத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது, கைக்குட்டை மாதிரி லேசான துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளங்கையை வைத்து அடைக்கிற வீரம் வேண்டவே வேண்டாம்.

கடைமடைக்காரன்:
பேப்பர் பில்டர்தான் அண்ணே. டிப்ஸ்டிக் பார்த்தேன், மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. இத்தனைக்கும் ஆயில் மாற்றிய பிறகு நாங்கள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. தொட்டால் தண்ணி மாதிரி ஓடுது, டீசல் வாடை.

டீசல் பைத்தியம்:
அப்படியென்றால் கதை தெளிவு: சம்பில் டீசல் கலந்து மட்டம் ஏறி, நீர்த்துப்போன ஆயில் மேலே சிலிண்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. ஆனால் அது ஏன் ஓடுது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் பொறி நிற்கும், வண்டி நிற்கும். டீசலில் பொறியே கிடையாது. 16, 17 மடங்கு அமுக்கினால் வெறும் காற்றே 500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது, டீசல் பற்றிக்கொள்ள அதில் பாதிச் சூடே போதும். இரண்டாவது, நம்ம ஆயில் இன்ஜினில் காற்றை மட்டுப்படுத்தும் திராட்டில் கிடையாது, முழுக் காற்று எப்போதும் உள்ளே போகும், வேகத்தைக் கட்டுவது பம்ப் அளந்து கொடுக்கும் டீசல் மட்டும்தான். அதனால் எந்த வழியாக எந்த எண்ணெய் உள்ளே வந்தாலும் எரித்துவிடும், வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னருக்கு அதைத் தடுக்கும் வழி தெரியாது. வேகம் ஏற ஏற இன்னும் அதிக ஆயில் மேலே வரும், அது இன்னும் வேகத்தை ஏற்றும்.

எந்த எண்ணெயும் என்று சும்மா சொல்லவில்லை. ருடால்ஃப் டீசல் முதலில் நிலக்கரித் தூளையே எரிக்கலாம் என்று நினைத்தவர். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், பார்த்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது தெரிந்தது என்று 1912-ல் அவரே எழுதியிருக்கிறார். 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓடிய அவருடைய இன்ஜின் எரிபொருளின் சக்தியில் 26 சதவீதம் அளவுக்கு வேலையாக மாற்றியது, அந்தக் காலத்து நீராவி இன்ஜின்கள் கிட்டேயே வர முடியாத கணக்கு. மனிதர் 1913 செப்டம்பர் 29 இரவு ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போன கப்பலில் காணாமல் போனார், எப்படி என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

ஒரத்தநாட்டு ரசிகன்:
எங்க பக்கம்தான் நிலக்கடலை விளையுதே, கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டலாமா? 😄

டீசல் பைத்தியம்:
விலையைப் பார்த்தீர்களா? அதை விடுங்க, பச்சை எண்ணெய் கெட்டி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் கரி கட்டிவிடும். வடை சுடுங்க. டீசல் வேண்டுமென்றால் நம்ம மண்ணுக்கு அடியிலேயே கச்சா எண்ணெய் இருக்கு, நரிமணத்தில் எடுக்கிறார்கள், அதைச் சுத்திகரிக்க நாகை பனங்குடியில் 1993-ல் ஆலையே வந்தது. வயலுக்கு அது நல்லதா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

பழைய பிட்டர்:
விஷயத்துக்கு வருவோம். சம்பில் டீசல் சேர இரண்டு வழி. ஒன்று, டீசல் பம்பின் பிளஞ்சர் (உள்ளே ஏறி இறங்கும் தண்டு) தேய்ந்து டீசல் கீழே கசிவது, இந்த வகை இன்ஜினில் அது நேராக சம்புக்குத்தான் போகும். இன்னொன்று, நாசில் சொட்டி, எரியாத டீசல் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) வழியாக பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்குவது. எது என்று கண்டுபிடிக்க: பழைய ஆயிலை முழுக்க வடித்து, புது ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, இன்ஜினை ஓட்டாமல் டேங்க் வால்வை மட்டும் ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்க. டேங்க் மேலே இருப்பதால் டீசல் தானாக இறங்கும். காலையில் மட்டம் ஏறியிருந்தால் பம்ப்தான். ஏறவில்லை என்றால் நாசிலைச் சந்தேகப்படணும். ஆமாம், மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிற பழக்கம் உண்டா?

கடைமடைக்காரன்:
இந்த இன்ஜினைப் பழசாகத்தான் வாங்கினோம். விற்றவர் கலந்திருப்பார் போல, டேங்க் அடியில் நீலக் கறை இருந்தது.

பழைய பிட்டர்:
ரேஷன் மண்ணெண்ணெய்க்குத்தான் அந்த நீலம். பம்பின் பிளஞ்சருக்கு வேறு ஆயில் கிடையாது, டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்பு குறைந்து சீக்கிரம் தேயும்.

கடைமடைக்காரன்:
சொன்னபடி செய்தேன் அண்ணே. வடித்த ஆயிலைப் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், கறுப்பைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவியது. ராத்திரி வால்வைத் திறந்து வைத்தேன், காலையில் மட்டம் நன்றாகவே ஏறியிருக்கு. பம்பைக் கழற்றித் திருவாரூர் கொண்டுபோனேன், பிளஞ்சரும் அது ஓடும் குழலான பேரலும் செட்டாக மாற்றணும் என்கிறார்கள். நாசிலும் மாற்றச் சொல்கிறார்கள், தேவையா?

பழைய பிட்டர்:
நாசில் டெஸ்டர் போட்டு உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்க. சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்து பனிபோல அடித்து, முனையில் சொட்டாமல் இருந்தால் பழைய நாசிலே போதும். அந்த ஸ்ப்ரேயைக் கையில் பிடித்துப் பார்க்காதீங்க, தோலைத் துளைத்து உள்ளே போகும். காப்பர் வாஷர் மட்டும் புதுசு போடுங்க. ராத்திரி டெஸ்டில் டீசல் இறங்கிய ஆயிலையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்க. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஏர் கிளீனர் பக்கத்தில் பலகையோடு சித்தப்பாவையே நிறுத்துங்க.