காலனிப் பூங்காவில் அரளி இருக்கலாமா?

தபாலம்மா (நத்தம் ரோடு) கேட்கிறார்:

எங்கள் காலனி ஊமச்சிகுளம் தாண்டி இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடுகள். தபால் ஆபீஸ் கவுண்டரில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். கணக்கு தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர் ஆக்கினார்கள். இப்போது பூங்காவும் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பூங்கா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சறுக்குமரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, சுற்றிலும் மூன்றடி அகலத்தில் பாத்தி, அவ்வளவுதான். வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. முன்பு இருந்த சங்கத்தார் வைத்த தங்க அரளி மூன்றும், செவ்வரளி ஒரு வரிசையும் நிற்கின்றன. மூன்று வருஷமாக யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் பூப்பதில் குறையே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியும் அவள் கூட்டாளிகளும் கூட்டாஞ்சோறு விளையாடினார்கள். கொட்டாங்கச்சியில் பச்சையாக ஏதோ கொண்டுவந்து, "ஆச்சி, கொழுக்கட்டை, சாப்பிடு" என்று நீட்டினாள். பார்த்தால் தங்க அரளிக்காய். ஏழெட்டு இருக்கும். நிஜமாகவே பிடி கொழுக்கட்டை மாதிரிதான் இருந்தது. யாரும் வாயில் வைக்கவில்லை என்று ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் திறந்து பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று ராத்திரியே சங்கக் கூட்டம். மொத்தத்தையும் பிடுங்கு என்கிறது ஒரு கட்சி. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூவுக்கு எங்கே போவது என்கிறது இன்னொரு கட்சி. நான்கு வழிச்சாலை நடுவில் மைல் கணக்கில் வைத்திருக்கிறானே, அவன் என்ன முட்டாளா என்று ஒருவர் கேட்டார். இதற்கு நடுவில் ஒரு நர்சரியிலிருந்து புதுச்செடிகளுக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது: அடீனியம் பத்து, ஓரத்துக்கு டுராண்டா, பெஞ்சுப் பக்கம் தொட்டியில் டம்ப் கேன், வளைவில் ஏற்றிவிட மாநில மலர் என்று செங்காந்தள்.

எதை வைக்கலாம், எதை எடுக்க வேண்டும்? பிள்ளை ஏதாவது கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

*

ஓய்வு சிஸ்டர்:

அம்மா, அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். முதலில் அந்தத் தங்க அரளி மூன்றையும் எடுங்கள். அதில் பேச்சே வேண்டாம். செவ்வரளியிலும் எல்லாப் பாகமும் விஷம்தான், ஆனால் இலை கடுங்கசப்பு என்பதால் பிள்ளைகள் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். தங்க அரளியில் கையில் எடுத்து விளையாடத் தோன்றும்படி காய் இருக்கிறது, உள்ளே பருப்பு இருக்கிறது. அந்தப் பருப்புதான் ஆபத்து.

இரண்டுமே இதயத்தைப் பிடிக்கும். வயதானவர்கள் சிலர் இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுவார்களே, அதே மாதிரி வேலை செய்கிற விஷம். முதலில் வாந்தி, வயிற்றுவலி. அப்புறம் நாடி மெதுவாகும், துடிப்பு தப்பும். இது சில மணி நேரம் கழித்தும் வரலாம். "பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுது" என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பிறகு தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மாற்று மருந்து உண்டு. விலை மிக அதிகம், நம் பக்கம் எளிதில் கிடைப்பதும் இல்லை. ஆகவே சீக்கிரம் வந்து, வயிற்றில் விஷத்தை உறிஞ்சும் கரி மருந்து கொடுத்து, மானிட்டரில் போட்டுக் கவனிப்பதுதான் வழி.

புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், சாணிக்கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கப் போய் அது நுரையீரலுக்குள் இறங்கினால் இரண்டாவது வியாதி. வாயில் இருப்பதை விரலால் வழித்து எடுத்து, கொப்பளிக்கச் சொல்லி, 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தச் செடியோ அதில் ஒரு கொத்தை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ மஞ்சப்பூ" என்று சொன்னால் டூட்டி டாக்டர் என்ன செய்வார்?

டம்ப் கேன் வேறு கதை. அதன் சாற்றில் ஊசி ஊசியாகப் படிகம் இருக்கிறது. கடித்தவுடன் நாக்கு எரிந்து, வீங்கி, எச்சில் ஒழுகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மூச்சோ விழுங்குவதோ சிரமமானால் உடனே ஆஸ்பத்திரி. பெஞ்சுப் பக்கம் வேண்டாம், தவழ்கிற குழந்தையின் உயரத்துக்குத்தான் அந்த இலை நிற்கும்.

*

தொட்டியும் மண்ணும் (அழகர்கோயில் ரோடு):

நான் நர்சரி வைத்திருக்கிறேன், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். அரளி ஏன் எல்லா இடத்திலும் இருக்கிறது தெரியுமா? குச்சியை ஒடித்து ஊன்றினால் வரும், தண்ணீர் கேட்காது, வண்டிப் புகையைத் தாங்கும், ஆடுமாடு வாய் வைக்காது. நடுச்சாலையில் எந்தப் பிள்ளையும் விளையாடுவதில்லை, அங்கே அது சரி. உங்கள் சறுக்குமரத்துப் பக்கத்தில் சரியில்லை.

அடீனியம் பற்றி உங்கள் நர்சரிக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதுவும் அரளிக் குடும்பம்தான். அடி பருத்து அழகாக இருக்கிறதே என்று ஊரெல்லாம் மொட்டைமாடியில் வைத்திருக்கிறோம். விஷமும் அதே ரகம். கிளை வெட்டினால் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. அரளியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அடீனியம் வைப்பது, மாமனாரை அனுப்பிவிட்டு மச்சானைக் கூட்டிவந்த கதை.

செங்காந்தள் வேண்டவே வேண்டாம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகக் காடு காடாகப் போடுகிறார்கள். மருந்துக்குப் போகிற கால்ச்சிசின் அதில்தான் இருக்கிறது, அளவு மீறினால் அது உயிரையே எடுக்கும் விஷம். கிழங்கைத் தோண்டினால் ஏதோ வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். சங்கப்பாட்டில் பெண் விரலுக்கு உவமை சொன்ன பூ, பாட்டிலேயே இருக்கட்டும்.

டுராண்டா ஒழுங்காக வெட்டிவிட்டால் அதிகம் காய்க்காது. விட்டுவிட்டால் மஞ்சள் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும், அதுவும் தின்னக்கூடியதில்லை. உங்கள் சங்கம் ஒழுங்காக வெட்டும் என்று மூன்று வருஷக் கதையைப் படித்த பிறகு எனக்கு நம்பிக்கை இல்லை, மன்னிக்கவும்.

மஞ்சள்பூதான் வேண்டும் என்றால் டெக்கோமா வையுங்கள். தூரத்தில் தங்க அரளி மாதிரியே தெரியும். இலை ஓரம் ரம்பப்பல், கிள்ளினால் பால் வராது. தங்க அரளியைக் கிள்ளினால் பால் வடியும். அதற்காகப் பால் வராதது எல்லாம் சாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊமத்தையில் பாலே கிடையாது. மற்றபடி இட்லிப்பூ, காகிதப்பூ, செம்பருத்தி. செம்பருத்தியை ஆடு தின்னும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

*

பழைய வீட்டுக்காரர்:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் செவ்வரளி நின்றது. நாங்கள் ஒன்பது பேர் அதன் கீழேதான் வளர்ந்தோம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இன்றைக்கும் கிலோ கணக்கில் விற்கிறது, அம்மனுக்கு மாலையாகப் போகிறது. இப்படிப் பார்த்தால் மாங்காய்ப் பாலும்தான் வாயைப் புண்ணாக்கும், மாமரத்தை வெட்டுவீர்களா?

*

ஓய்வு சிஸ்டர்:

ஒன்பது பேருக்கும் "அதைத் தொடாதே" என்று சொல்ல ஆச்சி கிணற்றடியிலேயே இருந்தார்கள், ஐயா. சாமிக்குச் சாத்துவதில் தகராறு இல்லை. கேரளத்தில் 2024 மே மாதம் திருவாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தியது. அதற்குச் சில நாள் முன்பு ஓர் இளம் செவிலியர் அரளி இலையைத் தெரியாமல் மென்றதால் இறந்தார் என்று சந்தேகிக்கப்பட்டது. பூஜைக்குத் தடை இல்லை, வாய்க்குப் போகிற இடத்தில்தான் தடை. அம்மனுக்கு அரளி, கையில் கொடுக்கிற பிரசாதத்தில் துளசி. இதில் யாருக்கு என்ன குறை?

*

மேலூர் வெள்ளாடு:

நர்சரி அண்ணன் "ஆடுமாடு வாய் வைக்காது" என்றார். பாதிதான் சரி. பச்சையாக நிற்கும்போது வாய் வைக்காது. வெட்டிப் போட்டு வாடினால் தின்னும். போன வருஷம் எங்கள் கண்மாய்க் கரையில் யாரோ அரளி வெட்டிய கழிவை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். காலையில் கொட்டியது, சாயங்காலம் மேய்ந்து திரும்பிய எங்கள் ஆடுகளில் மூன்று வயிறு உப்பி, கால் பின்னி விழுந்தன. விடிவதற்குள் போய்விட்டன. ஒன்று சினை ஆடு. கால்நடை டாக்டர் வயிற்றைக் கிழித்து இலையை எடுத்துக் காட்டினார். கொட்டியது யார் என்று கடைசிவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் அம்மா, வெட்டுவதற்கு முன்னால் எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள். காய்ந்தாலும் விஷம் போகாது. எரிக்கவும் வேண்டாம், புகை நெஞ்சைப் பிடிக்கும். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

*

தபாலம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்தது. தங்க அரளி மூன்றும் போயின. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று சொன்னதும் ஆள் கூலியை நூறு ரூபாய் ஏற்றிவிட்டார், கொடுத்துவிட்டேன். கழிவு முழுதும் காலனிக்குள்ளேயே நான்கடிக் குழியில். மேலூர்த் தம்பி எழுதியதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகு, காலி மனையில் கொட்டிவிடலாம் என்று சொன்னவர் வாயே திறக்கவில்லை.

செவ்வரளி வரிசை அங்கன்வாடிச் சுவரிலிருந்து வாசல் பக்கம் போகிறது, உள்ளே வேலி கட்டி. வெள்ளிக்கிழமைக் கட்சிக்கு அதில் திருப்தி. பழைய கொட்டேஷனில் இருந்த நான்கையும் அடித்துவிட்டு, டெக்கோமாவும் இட்லிப்பூவும் மட்டும் என்று மாற்றிவிட்டோம்.

ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மொட்டைமாடிப் படியிலேயே அடீனியம் ஆறு தொட்டி இருக்கிறது, மகன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. பேத்தி தினமும் அதைத் தாண்டித்தான் மேலே போகிறாள். தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏற்றி வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். தங்க அரளி அடிக்கட்டை தரைமட்டத்தில் அப்படியே இருக்கிறது. துளிர்க்குமா?

*

தொட்டியும் மண்ணும்:

துளிர்க்கும். கடப்பாரை போட்டு வேரோடு எடுத்துவிடுங்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் பழைய கொட்டைகளையும் பொறுக்கிவிடுங்கள், மழை பெய்தால் முளைத்துவிடும்.