கொத்தமல்லி, கீரை உலர்த்த சாலட் ஸ்பின்னர்: எதைப் பார்த்து வாங்குவது?

அடையாறு_அடுக்களை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு பேர். வாரத்துக்கு வேண்டிய பச்சிலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தையில் வாங்கிவிடுவேன். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை. இப்போது மகளுக்காக லெட்யூஸும் சேர்ந்திருக்கிறது.

கழுவுவது பிரச்சினை இல்லை. காய வைப்பதுதான் பெரும்பாடு. துண்டில் விரித்து ஃபேனுக்கு அடியில் போட்டால் மதியம் வரை கூடத்தில் யாரும் காலை வைக்க முடியாது. கடற்கரைக்குப் பக்கத்து வீடு, காற்றே ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் ஆனாலும் இலை மடிப்பில் தண்ணீர் நிற்கிறது. அப்படியே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாளே கொத்தமல்லி அடியில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. இந்த விலைக்கு வாங்கிக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை.

கழுவிய இலையைக் கூடையில் போட்டு வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறும் சாலட் ஸ்பின்னர் வாங்கலாம் என்று பார்த்தேன். மேலே கைப்பிடியைச் சுற்றுவது, கயிறு பிடித்து இழுப்பது, குமிழை அமுக்குவது என்று மூன்று வகை இருக்கிறது. விலையும் சில நூறு ரூபாயில் தொடங்கி சில ஆயிரம் வரை போகிறது. எந்த வகை நல்லது? எந்த அளவு? நம் ஊர் சின்ன இலைகள் அதன் கூடையில் நிற்குமா? பரணில் போய் உட்காரும் இன்னொரு பிளாஸ்டிக் சாமானாக ஆகிவிடக் கூடாது. பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

காவேரிக்கரை

கீரை மட்டும் என்றால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய வேட்டித் துணி ஒன்று போதும். கழுவிய இலையை நடுவில் வைத்து மூட்டையாக முடிந்து, பால்கனியில் நின்று கையை நீட்டி நாலு வீசு வீசினால் பாதித் தண்ணீர் போய்விடும். அப்புறம் துணியோடு அரை மணி நேரம் தொங்க விடுங்கள். ஸ்பின்னர் வருவதற்கு முன்னால் பிரான்சில் கம்பிக் கூடையில் போட்டு இப்படித்தான் வீட்டு வாசலில் நின்று வீசுவார்கள். லெட்யூஸ் எங்கள் வீட்டில் இல்லை, அதற்கு எப்படி என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

கோவை_மாடித்தோட்டம்

அடையாறு தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் முதல் கேள்வி. சின்ன இலை கூடையில் நிற்குமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியா கயிறா என்று யோசிக்க வேண்டும். விளம்பரம் எல்லாமே மூடியைப் பற்றித்தான் பேசுகிறது. நமக்குக் காரியம் கூடையில் இருக்கிறது.

இந்தச் சாமான் லெட்யூஸ் சாப்பிடுகிற ஊர்களில் பிறந்தது. உள்ளங்கை அகல இலையை மனதில் வைத்துத்தான் கூடையின் கண்களை விடுகிறார்கள். அந்தக் கண் வழியாக உருவிய முருங்கை இலை பக்கவாட்டில் திரும்பி நழுவி வெளியே போகும். போய் வெளிக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்தயக்கீரையும் அப்படித்தான். கடைக்குப் போகும்போது இரண்டு தீக்குச்சி எடுத்துப் போங்கள். கூடையின் பக்கக் கண்ணில் ஒரு குச்சி நுழைந்தால் சரி. இரண்டும் பக்கம் பக்கமாக நுழைந்தால் நம் கீரைக்கு அது அகலம். ஆன்லைனில் வாங்குவதானால் மூடியின் படத்தை விட்டுவிட்டு, கூடையைத் தனியாக எடுத்துப் போட்ட படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படம் போடாத பொருளை நான் வாங்க மாட்டேன்.

அகலக் கண் கூடைதான் கிடைத்தது என்றாலும் வழி இருக்கிறது. முருங்கையை உருவுவதற்கு முன்பே, ஈர்க்கோடு கொத்துக் கொத்தாகக் கழுவிச் சுற்றுங்கள். உலர்ந்த பிறகு உருவினால் கையிலும் ஒட்டாது, வேலையும் சீக்கிரம் முடியும். கறிவேப்பிலையும் ஈர்க்கோடுதான். வெந்தயக்கீரைக்கு மெல்லிய மல் துணியைக் கூடைக்குள் விரித்துப் போட்டுச் சுற்றலாம்.

அடுத்தது வெளிக் கிண்ணம். அடி மூடியதாக இருக்க வேண்டும். சிலவற்றில் அடியிலேயே ஓட்டை இருக்கும். குழாய்க்குக் கீழே வைத்துக் கழுவிக்கொண்டே சுற்றலாம், தண்ணீர் தானாகப் போய்விடும் என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மூடிய கிண்ணம் என்றால் அதுவே ஊறவைக்கும் பாத்திரம். கூடையோடு இலையை வைத்துத் தண்ணீரை நிரப்பி, கையால் அலசி, இரண்டு நிமிடம் அசையாமல் விடுங்கள். மண் கண் வழியாக இறங்கி அடியில் போய்ப் படியும். பிறகு கூடையை நேராக மேலே தூக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்த்தால், அடியில் படிந்த மண் திரும்ப இலை மேலேயே வந்து உட்காரும். தண்ணீரைக் கொட்டும் முன் கிண்ணத்தின் அடியை விரலால் தடவுங்கள். நறநறவென்று பட்டால் இன்னொரு தண்ணீர். மழைக்குப் பிறகு வரும் சிறுகீரைக்கும் கொத்தமல்லிக்கும் மூன்று தண்ணீர்கூட ஆகும். சுற்றுவதால் மண் போகாது, அதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணோடு சுற்றினால் அது இலை மடிப்பில் போய் ஒட்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது மூடி. கைப்பிடி வகையில் பெரிய பல்சக்கரம் ஒன்று சின்னப் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. கையை ஒரு சுற்று சுற்றினால் கூடை பல சுற்று ஓடும். உள்ளே கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் கைப்பிடி ஓரத்தில் இருப்பதால் கிண்ணம் கிரானைட் மேடையில் நகர்ந்துகொண்டே போகும். அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஈரத் துணியை மடித்து அடியில் போடுங்கள். சிங்க் தொட்டிக்குள் வைத்துச் சுற்றினாலும் நகராது.

அமுக்கும் வகையில் முறுக்கிய தண்டு ஒன்று இருக்கும். குமிழை அமுக்கும்போது அது இறங்கிக் கூடையைத் திருப்பும், ஸ்பிரிங் குமிழை மேலே தள்ளும். ஒரு கை போதும். மணிக்கட்டு வலி, தோள் வலி உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நல்லவற்றில் நிறுத்துவதற்கு ஒரு பொத்தானும் இருக்கும். குமிழைக் கீழே அமுக்கிப் பூட்டிவிடலாம் என்பதால் அலமாரியில் உயரமும் குறைவு. ஓக்ஸோ நிறுவனத்தின் ஸ்பின்னர் இந்த வகைதான், விலை கூடுதல். ஐகியா நிறுவனத்தின் டோகிக் என்ற ஸ்பின்னர் கைப்பிடி வகை, விலை சுலபம்.

கயிறு வகையை நான் வாங்க மாட்டேன். ஈரக் கையோடு இழுக்கிறோம். அந்த ஈரம் கயிறோடு மூடிக்குள்ளே போய்ச் சுருண்டு கிடக்கிறது. சென்னை ஈரக்காற்றில் அது எப்போது காயும்? கயிறு அறுந்தால் நம் ஊரில் அதை மாற்றித் தருகிறவர்களும் இல்லை.

அளவு நான்கு பேருக்கு 5 லிட்டர் அருகில், குறுக்களவு 25 செ.மீ. வாக்கில் இருக்கட்டும். அகலமான கூடையில் ஒரே வேகத்துக்கே இலையை வெளியே தள்ளும் விசை அதிகம், இலை பரவ இடமும் அதிகம். சின்னது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு கட்டு புதினாவிலேயே நிரம்பிவிடும். கூடையைப் பாதிக்கு மேல் அடைக்கவே கூடாது. அடைத்தால் நடுவில் உள்ள இலை நனைந்தபடியே இருக்கும், ஓரத்து இலை நசுங்கும்.

கொத்தமல்லியை நான் போடும் விதம் இது: வேரை வெட்டி, காம்புகள் எல்லாம் ஒரே திசையில் வளைந்து போகிற மாதிரி, கூடையின் சுவரை ஒட்டி வட்டமாக அடுக்குவேன். நடு காலியாக இருக்கும். ஒரு பக்கம் கனத்தால் வாஷிங் மெஷினில் போர்வை ஒதுங்கிய மாதிரி கிண்ணமே குதிக்கும். முதல் சுற்றில் வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, இலையைக் கையால் ஒருதரம் உதறிப் புரட்டிப் போட்டு மறுபடி சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்றில் வரும் தண்ணீர்தான் உங்கள் கொத்தமல்லியை அழுக வைக்கிற தண்ணீர். அதை எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மசியல், கூட்டு, பொரியல் என்று வேகவைக்கப் போகும் கீரைக்கு ஸ்பின்னரே வேண்டாம். அந்த ஈரத்திலேயே அது வேகும். பருப்புக்கீரை, கொடிப்பசலை மாதிரி நீர் கோத்த இலைகளைச் சுற்றினால் ஒடிந்து நசுங்கும். எடுத்து வைக்கும் கொத்தமல்லி, புதினா. பொடிக்கு வறுக்கும் கறிவேப்பிலை. சப்பாத்தி மாவில் பிசையும் வெந்தயக்கீரை. பச்சையாகச் சாப்பிடும் லெட்யூஸ். இவற்றுக்குத்தான் அது உழைக்கும். ஈரம் இருந்தால் பொடி இலை எண்ணெயில் படபடவென்று தெறிக்கும், மாவு நெகிழ்ந்துபோகும், லெட்யூஸில் ஊற்றிய எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் இலையில் பிடிக்காமல் அடியில் தேங்கும். உங்கள் பட்டியலில் இந்த நான்குமே இருக்கின்றன, அதனால்தான் வாங்குங்கள் என்கிறேன். வெறும் கீரைக்காரராக இருந்தால் காவேரிக்கரை சொன்ன துணியே போதும்.

ஸ்கார்பரோ_வல்லாரை

கோவை அக்கா சொன்னது முழுக்கச் சரி. எங்கட வீட்டில் இது இல்லாமல் வல்லாரைச் சம்பல் இல்லை. இங்கே தமிழ்க் கடைகளில் ஊரிலிருந்து வரும் வல்லாரை, பொன்னாங்காணி இரண்டும் கிடைக்கும். வல்லாரையை மிக மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) போட்டுப் பிசைய வேண்டும். இலையில் தண்ணீர் நின்றால் அரியும்போதே கத்தியில் ஒட்டிக் கறுத்துப்போகும், சம்பலும் தண்ணீர் விடும். சுற்றி எடுத்த இலையில் அரிந்தால் பூ மாதிரி உதிரியாக வரும்.

அரிந்த பிறகு கழுவிச் சுற்ற வேண்டாம். கழுவி, சுற்றி, அப்புறம்தான் அரிவது.

சம்பல், சாலட் எல்லாம் பச்சையாகச் சாப்பிடுவது என்பதால் ஓடும் தண்ணீரில் வடிவாகக் கழுவுங்கள். கிருமி கழுவுவதில்தான் குறையும், சுற்றுவதில் இல்லை. கூடையையும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்களின் மூலையில் இலைத் துணுக்கு இருந்து அழுகும், பழைய பல் துலக்கும் பிரஷ் நல்லாய் வேலை செய்யும்.

பல்சக்கரம்

கயிறு வகையைப் பற்றிக் கோவை அக்காவோடு சின்னக் கருத்து வேறுபாடு. வேகம் என்று பார்த்தால் நல்ல கயிறு வகைக்குக் கைப்பிடி ஈடு கொடுக்காது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் இழுப்பது அதுதான், இலை நன்றாகவே உலர்கிறது. கையைத் துடைத்துவிட்டு இழுக்க வேண்டும், வேலை முடிந்ததும் கயிற்றை முழுக்க வெளியே இழுத்து ஒரு கிளிப் போட்டுக் காய விட வேண்டும். ஆனால் அறுந்தால் கஷ்டம் என்பது உண்மைதான்.

எந்த வகை வாங்கினாலும் மூடியைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஒரே திருகாணியில், அல்லது ஒரு தட்டைத் திருப்பினால் பிரிகிறது என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். ஒட்டி மூடியிருந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

அடையாறு_அடுக்களை

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் மிக்க நன்றி. தீக்குச்சி யோசனையை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை அக்கா.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்களுக்குப் போர்வெல் தண்ணீர். பாத்திரம் எல்லாம் வெள்ளையாகப் படிகிறது. இதிலும் படியுமா? அப்புறம், எவர்சில்வர் கிண்ணம் வைத்த ஸ்பின்னரும் பார்த்தேன். பிளாஸ்டிக்கைவிட அது மேலா?

கோவை_மாடித்தோட்டம்

படியும். கிண்ணத்தில் படிவது வெறும் அழுக்குத் தோற்றம்தான், எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போய்விடும். மூடிக்குள் படிந்தால்தான் கைப்பிடி இறுகிக்கொள்ளும். அதனால் மூடியை மட்டும் தண்ணீரில் முக்கி வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்துக் காய விடுங்கள். எப்போதாவது இறுகினால் வினிகரில் வெந்நீர் கலந்து அந்த நடு அச்சில் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றிப் பாருங்கள், இளகும்.

எவர்சில்வர் வெளிக் கிண்ணம் மட்டும்தான். உள்ளே கூடை, மேலே மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கிண்ணத்தைத் தனியாக மாவு பிசையவோ சாலட் பரிமாறவோ எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அந்தக் கூடுதல் விலை கொடுக்கலாம். பளபளவென்று கண்ணாடி மாதிரி தெரிகிற கெட்டிப் பிளாஸ்டிக் கீழே விழுந்தால் விரிசல் விடும். பால் வெள்ளையாக, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற பாலிப்ரோப்பிலீன் விழுந்தாலும் தாங்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். கூடை அந்த வகையாக இருப்பது முக்கியம், ஏனென்றால் தினம் அடி வாங்குவது அதுதான்.

அடையாறு_அடுக்களை

அப்படியானால் கைப்பிடி வகை, 5 லிட்டர், மூடிய அடி, பாலிப்ரோப்பிலீன் கூடை என்று தேடுகிறேன். மாமியாருக்கு மணிக்கட்டு வலி உண்டு. அவர்தான் கொத்தமல்லி ஆய்வார் என்பதால் அமுக்கும் வகையில் ஒன்றையும் கடையில் அவர் கையாலேயே அமுக்கிப் பார்க்கச் சொல்லப் போகிறேன். அவருக்கு எது சுலபமோ அதையே எடுத்துவிடுவேன்.