விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவுக்குள்ளயே (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) அப்டேட்ட ஏத்துறது எப்படி? டிஸ்ம் (அத மாத்துற விண்டோஸ் கமாண்டு) எரர் அடிக்குது

ஜூரோங்வாசி:
வணக்கம் மக்களே. எங்க பேட்டை சமூக மன்றத்துல, ஆஃபீஸ்ல கழிச்ச லேப்டாப்புகள வாங்கி சரிபண்ணி பிள்ளைங்களுக்குக் குடுக்குறோம், எல்லாத்துலயும் விண்டோஸ் 11ஓட 24எச்2 பதிப்பு தான், இன்ஸ்டால் என்னவோ சீக்கிரம் முடிஞ்சிடுது, ஆனா அதுக்கப்புறம் அந்த ஹால் வைஃபைல எல்லா மெஷினும் ஒரே நேரத்துல அப்டேட் இழுக்க ஆரம்பிச்சா சனிக்கிழமை பூரா அங்கயே போயிடுது. சரின்னு ஐஎஸ்ஓவுக்குள்ள விண்டோஸ் அடங்கியிருக்குற இன்ஸ்டால்.விம் ஃபைல மவுண்ட் பண்ணி (ஒரு ஃபோல்டர்ல திறந்து) இந்த மாச அப்டேட் ஃபைல, அதான் எம்எஸ்யூவ, டிஸ்ம்ல ஆட்-பேக்கேஜ் குடுத்தா பாதியில எரர். முடிச்சதும் டிவிடில அடிக்கலாமா?

சும்மா_பாக்குறேன்:
எதுக்குண்ணே இந்த மெனக்கெடல், மைக்ரோசாஃப்டே அப்பப்போ ஐஎஸ்ஓவ புதுப்பிச்சுப் போடுறானே, வீட்டு ஃபைபர்ல புதுசா இறக்கிட்டுப் போங்க லா.

தெம்பனீஸ்_அண்ணாச்சி:
தம்பி சொல்றதும் சரிதான், முதல்ல புது ஐஎஸ்ஓ எடுங்க. ஆனா எரருக்குக் காரணம் வேற மாதிரி தெரியுது. 24எச்2ல செக்பாயிண்ட்னு ஒண்ணு கொண்டாந்துட்டாங்க, 2024 செப்டம்பர்ல வந்த கேபி5043080 தான் முதலாவது, பின்னாடி வர்ற மாசாந்திர அப்டேட் எல்லாம் அதுக்கு மேல மாறுனத மட்டும் தூக்கிட்டு வரும். மைக்ரோசாஃப்டோட அப்டேட் கேட்டலாக் சைட்ல டவுன்லோட் அமுக்குனா ரெண்டு ஃபைல் காட்டுமே, நீங்க பெருசா இருக்குறத மட்டும் எடுத்திருப்பீங்க. ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க, வேற எதுவும் அங்க இருக்கக் கூடாது, கமாண்டுல புதுச மட்டும் காட்டுங்க, பழசை டிஸ்ம்மே தேடி எடுத்துக்கும்.

இன்னொண்ணு, யாராச்சும் முன்னாடி செஞ்சு வெச்ச பென்டிரைவ் குடுத்தா வாங்காதீங்க. 2024 அக்டோபர், நவம்பர் அப்டேட்ட ஏத்தி செஞ்ச மீடியால இன்ஸ்டால் பண்ணா அதுக்கப்புறம் செக்யூரிட்டி அப்டேட்டே ஏறாம போன கேஸ் இருக்கு, மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்டாங்க. 2024 டிசம்பர்லயோ அதுக்குப் பிறகோ வந்ததா பாத்துப் போடுங்க.

வயர்_அக்கா:
டிவிடிய மறந்துடுங்க, 4.7 ஜிபில அடங்காது, அந்த லேப்டாப்ல டிரைவே இருக்காது. பென்டிரைவ்லயும் ஒரு இடி இருக்கு, ஃபேட்32 ஃபார்மேட்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் நிக்காது, அப்டேட் ஏத்துனா விம் இன்னும் ஊதும். டிஸ்ம்ல ஸ்ப்ளிட்-இமேஜ் குடுத்து விம்ம எஸ்டபிள்யூஎம் ஃபைலா 3800 எம்பி துண்டு போடுங்க, செட்டப் தானா புரிஞ்சிக்கும். அதுக்கு முன்னாடி ப்ரோ இண்டெக்ஸ (விம்முக்குள்ள ஒவ்வொரு எடிஷனுக்கும் ஒரு நம்பர்) மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணிட்டா பாதி வேலை மிச்சம். ஹோம் எடிஷன் லைசென்ஸ் கீ உள்ள மெஷின் வந்தா அந்த இண்டெக்ஸும் வேணும், பாத்துக்குங்க. மாத்துனத சேவ் பண்ணி மூட அன்மவுண்ட் கமிட் குடுக்கும்போது மவுண்ட் ஃபோல்டர எக்ஸ்ப்ளோரர்ல திறந்து வெச்சிருக்காதீங்க, அங்கதான் முக்காவாசி பேருக்கு மாட்டும்.

ஜூரோங்வாசி:
அண்ணாச்சி அதேதான், ரெண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டர்ல போட்டதும் ஏறிடுச்சு! அக்கா, சில மெஷின்ல வைஃபையே தெரிய மாட்டேங்குது, அந்த டிரைவரும் இதுக்குள்ளயே போகுமா?

வயர்_அக்கா:
போகுமே. அன்மவுண்டுக்கு முன்னாடி ஆட்-டிரைவர், கூட ரெக்கர்ஸ் (உள் ஃபோல்டரையும் தேடும்). ஆனா இஎக்ஸ்இ ஃபைல் எடுக்காது, பிரிச்சு ஐஎன்எஃப் உள்ள ஃபோல்டர காட்டணும்.