புரட்டாசி முதல் சனியும் பருந்து மலையும்

முரளி: எல்லோரும் பாருங்கள். வியாழன் இரவு குளிர்காற்று இறங்குகிறது, வெள்ளியும் சனியும் வடமேற்குக் காற்று. செப்டம்பர் 20, தெற்கே வலசை போகும் பருந்துகளை எண்ண பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் போகிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

சரவணன்: நான் ரெடி

கீதா: அண்ணா, அன்றைக்குப் புரட்டாசி முதல் சனி. அத்தையை நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சரவணன்: ஞாயிறு போகக் கூடாதா

கீதா: ஞாயிறு மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம். மறந்துவிட்டதா?

சரவணன்: மறக்கவில்லை. யார் வீட்டில் என்றுதான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

முரளி: அதை அப்புறம் பேசலாம். கீதா, கோயில் வருடம் முழுக்க இருக்கும், பிராட்விங் பருந்து செப்டம்பர் நடுவில் சில நாட்கள்தான் கூட்டமாக வரும். சிறகடித்துக் களைத்துப் போகிற பறவை இல்லை அது. வெயிலில் தரை சூடாகி மேலே எழும்பும் காற்றில் ஏறிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் சுற்றிச் சுற்றி உயரத்துக்குப் போய், அங்கிருந்து சிறகை விரித்தபடியே சரிந்து அடுத்த இடத்தில் எழும் காற்றைப் பிடிக்கும், இப்படியே மெக்சிகோ தாண்டி தென் அமெரிக்கா வரைக்கும். அந்தச் சுழலைக் கெட்டில் என்பார்கள். சுற்றும்போது எண்ணவே முடியாது. உச்சியிலிருந்து பிரிந்து வரிசையாக நழுவும்போதுதான் கையில் இருக்கும் கிளிக்கரை, எண்ணும் கருவியை, ஒவ்வொன்றுக்கும் அழுத்த வேண்டும்.

நித்யா: மாமா, போன தடவை அந்த ஆந்தை பொம்மையை ஒரு பருந்து அடிக்க வந்ததே, பொம்மை இப்போதும் இருக்குமா?

முரளி: இருக்கும் கண்ணு, கம்பத்தில் நட்டிருப்பார்கள். ஆந்தை என்று நினைத்து விரட்ட வரும்.

சரவணன்: அப்பாவின் பைனாகுலர் யாரிடம்?

கீதா: உன்னிடம்தானே

சரவணன்: இல்லை. பாகம் பிரித்த அன்று அண்ணாதான் எடுத்தது.

முரளி: எடுத்து வைத்தேன், எடுத்துக்கொள்ளவில்லை. கும்பகோணம் வீட்டு பீரோவில் இருக்கிறது.

கணேசன் மாமா: பீரோ சாவி என்னிடம் இல்லை

கணேசன் மாமா: பழையதைக் கிளற வேண்டாம். மாடித் தொட்டியில் கசிவு. ஆள் நாலாயிரம் கேட்கிறான், என்ன சொல்ல?

கீதா: மாமா, இரவு போனில் பேசுகிறேன்

கீதா: அண்ணா, எண்ணுவதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நீ ஒரு நாள் போகாவிட்டால் என்ன?

முரளி: இருக்கிறார்கள், ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை தினமும் எண்ணுகிறார்கள். ஆனால் மேகமே இல்லாத நீல வானத்தில் உயரத்தில் போகிற பருந்து ஒருவர் கண்ணுக்குத் தப்பிவிடும். எதிரே தெரியும் குன்றுகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர் மூன்றுக்கு மேலே என்று கத்தினால்தான் பிடிக்க முடியும். அந்த மலையில் ஒரு காலத்தில் ஆட்கள் துப்பாக்கியோடு நின்று விளையாட்டுக்குச் சுட்டுத் தள்ளினார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் மலையையே குத்தகைக்கு எடுத்து அதை நிறுத்தினார். காவலுக்கு வந்த மாரிஸ் புரூன் அந்த வருடமே எண்ண ஆரம்பித்தார். 1935 முதல் 1939 வரை அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை 20தான். 1957-ல் 32 பெரிய கழுகுக்கு ஒரே ஒரு இளசு! 1962-ல் ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் டிடிடி பூச்சிமருந்தின் கேட்டைப் பற்றி எழுதியபோது இந்தக் கணக்கை எடுத்துக் காட்டினார். பெரியவை பறந்துகொண்டிருக்கும்வரை குறை கண்ணுக்குத் தெரியாது கீதா, இளசைத் தனியாக எண்ணி எழுதி வைத்ததால் தெரிந்தது. இந்த நாட்டில் டிடிடி-யைத் தடை செய்தது 1972-ல்.

சரவணன்: அண்ணா மூச்சு விடு

கணேசன் மாமா: டிடிடி எங்கள் வீட்டிலும் அடித்தார்கள். மலேரியா ஆபீஸ் ஆட்கள் பம்போடு வந்து அடித்துவிட்டு, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். வெள்ளையடித்த சுவர் போச்சே என்று எங்கள் அம்மா திட்டுவாள்.

ராஜம் அத்தை: உங்கள் அம்மா எதற்குத்தான் திட்டவில்லை

கீதா: அத்தை!

ராஜம் அத்தை: முரளி, இந்த முட்டியோடு நான் மலை ஏற முடியுமா?

முரளி: வடக்கு லுக்அவுட் என்கிற பார்வையிடத்துக்கு ஒரு மைல், கடைசியில் எல்லாம் பாறை, அது வேண்டாம். தெற்கு லுக்அவுட் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெதுவாக நடந்தால் போதும், நான் கூடவே வருகிறேன் அத்தை.

ராஜம் அத்தை: அப்படியானால் காலையில் பெருமாள், மதியம் கருட தரிசனம். எனக்கு இரண்டும் வேண்டும்.

கீதா: முதல் சனி, பார்க்கிங்கே கிடைக்காது அத்தை

முரளி: 11 மணிக்குள் மலையில் இருந்தால் சரி. வெயில் ஏறினால்தான் கெட்டில் எழும்பும்.

கீதா: அப்போது கோயிலுக்கு 8 மணிக்கே போக வேண்டும். யார் காரில்?

சரவணன்: என் காரில் இரண்டு சீட்தான் மிச்சம்

நித்யா: நான் முரளி மாமா காரில்

கீதா: உனக்கு எஸ்ஏடி கிளாஸ்

நித்யா: அம்மா ப்ளீஸ்

ராஜம் அத்தை: அவளும் வரட்டும். புளியோதரை நான் கிளறிவிடுகிறேன். தர்ப்பணம் யார் வீட்டில்?

சரவணன்: அண்ணா சொல்லட்டும்

முரளி: சனிக்கிழமை மலையில் பேசிக்கொள்ளலாம். மேலே காற்று பலமாக அடிக்கும், அத்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

கீதா: மலையில் நீ எங்கே பேசுவாய், அண்ணாந்துகொண்டே இருப்பாய். இப்போதே சொல்.

கணேசன் மாமா: அந்த நாலாயிரத்துக்கு யாருமே பதில் சொல்லவில்லை