பிரிகேட்டுக்கு ‘வழித்துணைக்கலம்’ பொருந்துமா?

ஈப்போ ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

பிரிகேட் (frigate) எனும் நடுத்தரப் போர்க்கப்பலுக்குத் தமிழில் நீங்கள் முன்மொழிந்த ‘விரைகலம்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஐயா. பாய்மரக் காலத்துப் பிரிகேட்டுக்கு அது மிகப் பொருத்தம். அன்று வேகந்தான் அதன் பெருமை. இன்று நம் மலேசியக் கடற்படையின் பிரிகேட்டான கேடி (KD) லெக்கியு மணிக்கு 28 கடல்மைல் ஓடும். நம் கடற்படையின் விரைவுத் தாக்குதல் படகுகள் அதையே முந்திவிடும். அவற்றுக்குப் பிறகு என்ன பெயர் வைப்போம்?

அளவை வைத்துப் பெயரிடவும் வழியில்லை. ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு 1999இல் பணியேற்ற லெக்கியுவும் அதன் இணைக்கப்பல் ஜெபாட்டும் சுமார் 2,270 டன். லூமுட்டில் கட்டப்படும் மகாராஜா லேலா சுமார் 3,100 டன் இருந்தும் கரையோரப் போர்க்கப்பல் என்றே ஒப்பந்தமானது. ஜெர்மனியோ 7,000 டன் கப்பலையும் பிரிகேட் என்கிறது.

ஆகவே செய்யும் வேலையைப் பார்த்தேன். வழக்கொழிந்து கிடந்த ‘பிரிகேட்’ என்ற பெயரை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை மீட்டெடுத்தது. சரக்குக் கப்பல்களோடு கூடவே போய், நீர்மூழ்கிகளிடமிருந்து அவற்றைக் காத்த கப்பல்களுக்கு அதைச் சூட்டியது. கூடவே போய்க் காப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே: வழித்துணை. விரிஞ்சிபுரத்து ஈசனே வழித்துணைநாதர்தான். ‘வழித்துணைக்கலம்’ என்று வைக்கலாம். ‘துணைக்கலம்’ என்று சுருக்கினால் எரிபொருள் கொண்டுபோகும் உதவிக்கப்பலாகிவிடும். ‘காவற்கலம்’ ரோந்துக் கப்பலோடு குழம்பும்.

கப்பல் என்றே முடிக்க எனக்கும் ஆசை. கேடி என்பதன் விரிவான ‘காப்பால் டிராஜா’வில் (அரச கப்பல்) மலாய் எடுத்துக்கொண்ட நம் கப்பல் அல்லவா இருக்கிறது! ஆனால் ஏவுகணை தாங்கிய பிரிகேட்டை ‘ஏவுகணை வழித்துணைக் கப்பல்’ என்றால் நீண்டுவிடுகிறது. விண்கலத்தால் கலம் பிள்ளைகளுக்கும் பழகிய சொல்.

லெக்கியு துணைக்கு மட்டுமா போகிறது என்று கேட்பீர்கள். கப்பலைத் தாக்க எக்சோசெட் ஏவுகணை, விமானத்தைத் தடுக்க சீவுல்ஃப் ஏவுகணை, நீர்மூழ்கிக்கு டார்பிடோ, தளத்தில் லிங்ஸ் ஹெலிகாப்டர் என எல்லாவற்றுக்கும் இடம் வைத்தே அதைக் கட்டினார்கள். 2014இல் காணாமல்போன எம்எச்370 விமானத்தைத் தேடித் தென் இந்தியப் பெருங்கடல் வரை போனது. இருக்கட்டும். கணினியில் பாட்டுக் கேட்கிறோம், பெயர் கணினிதான்.

செந்தூலில் நான் பாடம் சொல்லும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘போர்க்கப்பல்’ என்றே எழுதுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

இன்னொரு சிக்கலுக்கு உங்கள் உதவி வேண்டும். 1984இல் பிரிகேட்டுகளாக வந்த கஸ்தூரியும் லெக்கீரும் பின்னர் கொர்வெட்டுகளாக, அதாவது பிரிகேட்டைவிடச் சிறிய போர்க்கப்பல்களாக, மாற்றி வகைப்படுத்தப்பட்டன. இரண்டு பெயருக்கும் உறவு தெரியும்படி கொர்வெட்டைக் ‘குறுவழித்துணைக்கலம்’ எனலாமா? எனக்கே அது நாவில் புரளவில்லை. இதைவிடச் சிறியதாக ஒன்று தாருங்கள், ஐயா.

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூர்