பழைய இன்ஜினில் பேலன்சர் மாட்டியவர்கள், கிராங்க் போல்ட்டோடு மல்லுக்கட்டியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

டெட்ராய்ட் பக்கம் | 1985 செவ்ரோலே சி10, 350 வி8

நானே ஆரம்பிக்கிறேன். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிளக் பொறி விடும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் மட்டும் கோடு சம்பந்தமில்லாத இடத்தில் நின்றது. அந்தக் கோட்டை நம்பி செட் செய்தால் மேட்டில் இழுக்காது. காதை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் நன்றாக இழுக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில் இருக்கும் பேலன்சர் மேல் சந்தேகம் விழுந்தது. நடுவில் ஹப், வெளியே கனமான இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் லேசாக முறுக்கி விடுபடும். அந்த அதிர்வை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. வயதாகி ரப்பர் விட்டுப்போனால் வளையம் ஹப்பிலிருந்து நழுவும். டைமிங் கோடு வளையத்தில் இருப்பதால் அதுவும் கூடவே நகர்ந்துவிடும்.

நிச்சயப்படுத்துவது சுலபம். பேட்டரி வயரைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில், பிஸ்டனை முட்டி நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் ஒரு பக்கம் முட்டும்வரை மெதுவாகத் திருப்பி, இன்ஜினில் உள்ள டைமிங் அளவுகோலின் பூஜ்ஜியத்துக்கு நேரே பேலன்சரில் ஒரு குறி. மறு பக்கம் திருப்பி இன்னொரு குறி. இரண்டுக்கும் நட்டநடுவில்தான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். என் வண்டியில் கோடு அங்கிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது.

கழற்றும்போது ஹப்பில் இருக்கும் மூன்று துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கிற புல்லர்தான் வேண்டும். வெளிவளையத்தைக் கவ்வி இழுக்கும் புல்லர் ரப்பரைப் பிய்த்துவிடும். கிராங்க் முனையில் ஒரு அடைப்பு வைக்காமல் புல்லரின் திருகை நேராக உள்ளே விட்டால் மரை கெடும்.

மாட்டுவதுதான் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடித்தால் புது ரப்பரும் அடி வாங்கும். கிராங்க் பின்னால் தள்ளப்பட்டு, கடைசி மெயின் பேரிங்கில் கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் முகமும் அடி வாங்கும். அதைவிட நல்ல பிள்ளை வேடம் போடும் தவறு, வண்டியின் சொந்த போல்ட்டாலேயே இழுத்து ஏற்றுவது. பேலன்சர் வெளியே நிற்கும்போது அந்த போல்ட் உள்ளே பிடிப்பது சில மரைகளை மட்டும்தான். இறுகப் பொருந்தும் ஹப்பை இழுக்கும் பாரம் முழுக்க அவற்றின் மேல் விழும். போனால் கிராங்கின் மரைதான் போகும், போல்ட் போகாது.

இன்ஸ்டாலர் என்பது ஒரு கனமான மரைத்தண்டு, ஒரு பேரிங், ஒரு பெரிய நட், அவ்வளவுதான். தண்டைக் கிராங்க்கில் கையாலேயே கடைசிவரை திருகிவிட்டு, அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்ற வேண்டும். அதற்கு முன் கீயும் (ஹப் கிராங்க் மேல் தனியே சுழலாமல் பிடிக்கும் சிறு துண்டு) அது உட்காரும் காடியான கீ-வேயும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹப்பில் ஆயில் சீல் உட்காரும் இடத்தில் கொஞ்சம் ஆயில், கீ-வேயில் ஒரு பொட்டு சிலிக்கான். இல்லாவிட்டால் அந்தக் காடி வழியாகவே ஆயில் கசியும். ஏறும்வரை நட் ஒரே சீராக இறுகிச் சுற்றும். அடியில் உட்கார்ந்ததும் ஸ்பேனர் சட்டென்று நின்றுவிடும், கைக்கே தெரியும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். பிறகு கனமான வாஷரோடு சொந்த போல்ட், 60 அடி-பவுண்டு. கிராங்க் சுற்றாமல் இருக்க நான் அதன் பின்முனையில் உள்ள ஃப்ளெக்ஸ் பிளேட்டின் பற்களில் தடுப்பு வைத்தேன்.

நியூ ஜெர்சி | 1966 செவ்ரோலே 327

உங்களுக்காவது போல்ட் இருக்கிறது. என் கிராங்க் முனையில் துளையே கிடையாது! 60-களின் பல சின்ன பிளாக்குகள் இப்படித்தான் வந்தன. பேலன்சர் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். கிராங்க் வெளியே வந்திருந்தபோது லேத் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டு மரை போட்டு வாங்கினேன். செலவு பெரிதில்லை, நிம்மதி பெரிது.

டொராண்டோ | 90-களின் ஹோண்டா சிவிக்

அண்ணை, எங்களுக்கு மாட்டுவது பிரச்சினையே இல்லை, கழற்றுவதுதான் வில்லங்கம். குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போட்டே போல்ட் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருக்கும். யாரோ சொன்னார்கள் என்று நீளக் கம்பியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிவிடாதீர்கள். அந்த வித்தை வலஞ்சுழியாகச் சுற்றும் இன்ஜினுக்குத்தான். அந்தக் காலத்து சிவிக் இன்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும், போல்ட் இன்னும் இறுகும். புல்லியின் நடுவில் உள்ள அறுகோணக் குழியில் பொருந்தும் 50 மில்லிமீட்டர் ஹோல்டரும் ஒரு நீளமான பைப்பும் இருந்தால் காணும். வாடகைக்கும் கிடைக்கும்.

கோயம்புத்தூர் | அம்பாசிடர் 1489 சிசி

எங்கள் வண்டியில் ரப்பர் வளையம் எல்லாம் இல்லை, சாதாரண புல்லிதான். முன்னால் இருக்கும் போல்ட்டின் தலையில் பல் இருக்கும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்த காலத்து ஏற்பாடு. அதன் அடியில் மடக்கு வாஷர். இறுக்கியபின் அதன் விளிம்பை மடக்காமல் விட்டால் போல்ட் தளரும்.

இதில் முக்கியமான வேலை வேறு. டைமிங் கவரின் துளைகள் போல்ட்டை விடப் பெரியவை, கவர் அங்கே இங்கே நகரும். கவரை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைத் தள்ளினால் சீல் ஒரு பக்கமாக நசுங்கி, சில நாளிலேயே ஆயில் சொட்டும். எங்கள் மேஸ்திரி கவர் போல்ட்டுகளை லூசாக விட்டு, புல்லியைச் சீலுக்குள் நுழைத்து, கவர் தானாக நடுவுக்கு வந்தபிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்குவார். ஆஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜிலும் இதே பி-சீரிஸ் இன்ஜின்தான், யாராவது வைத்திருந்தால் கவனிக்கவும்.

டெட்ராய்ட் பக்கம்

சார், நல்ல விஷயம். 350-இல் கவர், இடம் மாறாமல் நிறுத்தும் முளையான டவல் பின்னில் உட்காருவதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய ஹப்பை மறுபடி போடுபவர்கள் சீல் ஓடிய இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் மேலே ஒரு மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும், புது சீல் மட்டும் போதாது.

வாங்கும்போது இன்னொன்று. 400 இன்ஜினின் பேலன்சர் 350-இன் கிராங்க்கிலும் ஏறும். ஆனால் 400 வெளியே எடைவைத்துச் சமன்செய்த இன்ஜின், அதன் பேலன்சரில் ஒரு பக்கம் பாரம் அதிகம். அதை 350-இல் போட்டால் வண்டி உதறும். பழைய சாமான் கடையில் எடுத்தால் பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.